எந்தப் பழமையைக் காக்கிறார்கள் அமெரிக்கப் பழமைவாதிகள்?

கடந்த வாரம் நம் கருத்தரங்கில் அமெரிக்க அரசியல் பற்றிப் பேசினோம். விளம்பரம் போக நமக்குக் கிடைப்பது குறைந்த நேரம். அதில் பேசியதைவிடப் பேசாமல் விட்டதே அதிகம். குறிப்பாக, நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து வந்த ஒரு கேள்வி. கேட்டவர் துறைமுகத்தில் பல ஆண்டுகள் சரக்குக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஏம்மா, 2003-ல நம்ம நாட்டோட வரி வேண்டாம்னு ஒப்பந்தம் போட்ட புஷ் பழமைவாதின்னு சொன்னீங்க. 2025-ல அதே நம்ம சரக்குக்குப் பத்து விழுக்காடு வரி போட்ட டிரம்பையும் பழமைவாதின்னு சொல்றீங்க. ரெண்டு பேரும் ஒரே கட்சி. அப்படின்னா இவங்க காப்பாத்துற பழமைதான் எது?"

நேரம் முடிந்துவிட்டது என்று தயாரிப்பாளர் கை காட்டினார். நான் சிரித்துச் சமாளித்து நிகழ்ச்சியை முடித்து வைத்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

பெரியவர் சொன்ன விவரம் சரியானது. 2003 மே 6-ஆம் தேதி வெள்ளை மாளிகையில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும் நம் பிரதமராக இருந்த திரு. கோ சோக் டோங்கும் தடையற்ற வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 2004 ஜனவரி முதல் தேதி அது நடப்புக்கு வந்தது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அதிபர் டோனல்ட் டிரம்ப் உலக நாடுகளுக்கெல்லாம் வரிப் பட்டியல் வாசித்தபோது சிங்கப்பூருக்குப் பத்து விழுக்காடு, மலேசியாவுக்கு 24 விழுக்காடு என்று அறிவித்தார். நம்மோடு நடக்கும் சரக்கு வர்த்தகத்தில் 2024-இல் உபரி அமெரிக்காவின் பக்கம்தான் இருந்தது. உடன்பாடும் இருந்தது. இருந்தும் வரி வந்தது. புஷ்ஷும் டிரம்பும் குடியரசுக் கட்சிக்காரர்கள். இருவருக்கும் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பழமைவாதிகள் என்றே அழைத்துக்கொள்பவர்கள்.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மன்னர் இல்லாத நாட்டில்

பழமைவாதம் என்று சொன்னதும் நமக்கு ஒரு படம் மனத்தில் வந்துவிடுகிறது. பழைய வழக்கம், பெரியோர் சொல், சடங்கு ஆகியவற்றை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருப்பவர்தான் பழமைவாதி. ஐரோப்பாவிலும் ஏறக்குறைய அப்படித்தான் தொடங்கியது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்த அமைப்புகளை ஒரே நாளில் இடித்துவிட்டு, காகிதத்தில் வரைந்த திட்டப்படி புதிய சமுதாயம் கட்ட முடியாது என்பது அவர் வாதம். மன்னர், பிரபுக்கள், திருச்சபை, நிலம் என்று ஐரோப்பியப் பழமைவாதி காக்க வேண்டியவை எல்லாம் கண்முன்னே நின்றன.

அமெரிக்காவில் இந்த நான்கில் முதல் மூன்றும் இல்லை. 1776-இல் மன்னரை உதறிவிட்டுப் பிறந்த நாடு அது. பிரபுப் பட்டம் வழங்குவதை அதன் அரசியல் சட்டமே தடுக்கிறது. நாட்டுக்கென்று ஒரு மதத்தை நிறுவக் கூடாது என்கிறது முதல் சட்டத்திருத்தம். மன்னருக்கு விசுவாசமாக இருந்த பல்லாயிரம் பேர் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேறிவிட்டார்கள். ஐரோப்பியக் கணக்கில் பார்த்தால், அமெரிக்காவின் அசல் பழமைவாதிகள் அன்றே ஊரைக் காலி செய்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கக் குடியேறிகளின் குறைகளுக்காக லண்டன் நாடாளுமன்றத்தில் வாதாடியவர்களில் அதே பர்க்கும் ஒருவர்.

நான்காவதான நிலம் மட்டும் இருந்தது. தென் மாநிலங்களில் அந்த நிலத்தோடு அடிமைகளும் இருந்தார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மிச்சம் இருந்த பழமை என்ன? தனிமனித உரிமை, சொத்துரிமை, கைகட்டப்பட்ட அரசாங்கம். இவை 18-ஆம் நூற்றாண்டில் புரட்சிக்காரர்களின் கொள்கைகள். அதாவது தாராளவாதக் கொள்கைகள். அவற்றைக் காக்கப் புறப்படுகிறவரைப் பழமைவாதி என்பதா, தாராளவாதி என்பதா? ஹார்வர்ட் பேராசிரியர் லூயி ஹார்ட்ஸ் 1955-இல் எழுதிய நூலில், அமெரிக்க அரசியல் மரபு முழுவதும் தாராளவாதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று வாதிட்டார். பொருளியல் அறிஞர் ஃபிரெடரிக் ஹாயக் தாம் ஏன் பழமைவாதி அல்ல என்று ஒரு கட்டுரையே எழுதி 1960-இல் தம் நூலில் சேர்த்தார். அப்படியிருந்தும் அமெரிக்கப் பழமைவாதிகள் அவரைத் தங்கள் ஆசான்களில் ஒருவராகவே கொண்டாடினார்கள். சொல்லே அங்கு அவ்வளவு குழப்பமானது.

குழப்பத்தை அதிகமாக்கியவர் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1930-களின் பொருளாதார மந்தத்தில், முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாதோர் உதவி, தொழிற்சங்க உரிமை என்று அரசாங்கத்தைப் பெரிதாக்கிய அவர், தம் கொள்கைக்குத் தாராளவாதம் என்றே பெயர் வைத்தார். அவருக்கு முன்பிருந்த அதிபர் ஹெர்பர்ட் ஹூவர், உண்மையான தாராளவாதி நான்தான் என்று பொருமிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. பெயரை இழந்தவர்கள் வேறு பெயர் தேட வேண்டியதாயிற்று.

ஒரு தொகுப்பாளரின் உழைப்பு

அந்தப் பெயருக்கு உருவம் கொடுத்தவர் என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். வில்லியம் பக்லி, எண்ணெய் வணிகத்தில் பணம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளை. 1955 நவம்பரில் நேஷனல் ரிவியூ என்ற இதழைத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பின்னர் 1966 முதல் 1999 வரை, 33 ஆண்டுகள், ஃபயரிங் லைன் என்ற தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சியை நடத்தினார். எதிரணியினரைத்தான் அதிகம் அழைப்பார். நாற்காலியில் சாய்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, அகராதியைத் தேட வைக்கும் சொற்களைப் பேசுவார். பொதுத் தொடர்பியல் டிப்ளோமா படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் அந்தப் பழைய ஒளிநாடாக்களைப் போட்டுக் காட்டி, "விருந்தினரை முழுசாகப் பேச விடுவது எப்படி என்று பாருங்கள்" என்பார். நான் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.

பக்லி தம் இதழில் கூட்டிச் சேர்த்தவர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள முடியாதவர்கள். ஒரு பக்கம் மரபுவாதிகள். இவர்களில் முக்கியமானவர் ரஸல் கர்க். மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வாழ்ந்தவர். கார் என்ற வாகனமே சமூகத்தைக் குலைக்க வந்த புரட்சிக்காரன் என்று நம்பியவர். 1953-இல் அவர் எழுதிய நூல்தான் பர்க்கிலிருந்து தொடங்கும் ஒரு மரபை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தியது. மதம், குடும்பம், ஊர் ஆகியவைதான் அவருக்கு முக்கியம். மறுபக்கம் சந்தைவாதிகள். அரசாங்கம் ஒதுங்கி நின்றால் போதும், மனிதன் தானே முன்னேறுவான் என்பவர்கள். ஆனால் சந்தை என்பது பழைய ஊரையும் குடும்பத்தையும் கலைத்துப் போடுகிற பெரும் சக்தி அல்லவா? கர்க்குக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. இதழில் பத்தி எழுதுகிறேன், ஆனால் சந்தைவாதிகளோடு ஆசிரியர் குழுப் பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது தரப்பு கம்யூனிச எதிர்ப்பாளர்கள். இவர்களில் பலர் முன்னாள் கம்யூனிஸ்டுகள் என்பதுதான் சுவாரசியம். ஜேம்ஸ் பர்னம் ஒரு காலத்தில் டிராட்ஸ்கியின் ஆதரவாளர். விட்டேக்கர் சேம்பர்ஸ் சோவியத் உளவுக்காகத் தூது போனவர். ஃபிராங்க் மேயர் பிரிட்டனில் மாணவராக இருந்தபோதே கட்சி வேலை செய்தவர். சோவியத் ஒன்றியத்தை எதிர்க்க அமெரிக்க அரசாங்கத்துக்கு மாபெரும் ராணுவம் வேண்டும் என்பது இவர்கள் நிலை. சிறிய அரசாங்கம் கேட்பவர்களும் பெரிய ராணுவம் கேட்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

மேயர்தான் இதற்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். நல்லொழுக்கம் வேண்டும், ஆனால் வற்புறுத்தி வரவழைத்தால் அது நல்லொழுக்கம் ஆகாது. எனவே ஒழுக்கத்துக்கே சுதந்திரம் தேவை என்றார். கேட்பதற்கு அழகான வாதம். ஆனால் என் கருத்தில், இந்தக் கூட்டணியைக் கட்டி வைத்தது அந்தத் தத்துவம் இல்லை, மாஸ்கோதான். கடவுள் நம்பிக்கையாளருக்கு அது நாத்திகம். வணிகருக்கு அது சொத்துப் பறிப்பு. தேசபக்தருக்கு அது அந்நிய வல்லரசு. மூவருக்கும் ஒரே எதிரி.

யாரைச் சேர்ப்பது என்பதில் தாராளமாக இருந்த பக்லி, யாரை விலக்குவது என்பதிலும் குறியாக இருந்தார். நாத்திகரான நாவலாசிரியை அயன் ரேண்டின் தடித்த நாவலை 1957-இல் சேம்பர்ஸ் தம் விமர்சனத்தில் கிழித்துப் போட்டார். அதிபர் ஐசனோவரையே கம்யூனிஸ்டுகளின் கையாள் என்று எழுதிய ராபர்ட் வெல்ச், ஜான் பர்ச் சங்கத்தின் தலைவர். அவரை 1962-இல் பக்லியின் இதழ் கடுமையாகத் தாக்கியது. இப்படிக் காவல் காத்ததற்காகப் பக்லியை இன்றும் பாராட்டுகிறார்கள். ஆனால் ஒரு வாசலை அவர் பூட்டவில்லை.

1964: கணக்கு யார் தலையில்?

1957 ஆகஸ்டில் நேஷனல் ரிவியூ ஒரு தலையங்கம் வெளியிட்டது. தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் எண்ணிக்கையில் குறைவாக உள்ள இடங்களிலும் அவர்கள் கையே மேலோங்கி இருக்கலாம், ஏனென்றால் அவர்களே இப்போதைக்கு முன்னேறிய இனம் என்பது அதன் சாரம். எழுதியவர் பக்லி. சிறிய அரசாங்கம், மாநில உரிமை, மெதுவான மாற்றம் என்ற நல்ல நல்ல சொற்களெல்லாம் அங்கே வந்து நின்ற இடம், கறுப்பினத்தவர் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாத மிசிசிப்பி.

1964-இல் அது வெறும் தலையங்கமாக இல்லாமல் வாக்கெடுப்பாக வந்தது. உணவகம், தங்கும் விடுதி, வேலையிடம் எங்கும் இனப் பாகுபாடு கூடாது என்ற குடியுரிமைச் சட்டம் செனட் சபைக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் அதற்காக உழைத்தார். அக்கட்சியின் 33 செனட்டர்களில் 27 பேர் ஆதரித்தார்கள். விகிதத்தில் பார்த்தால் ஜனநாயகக் கட்சியைவிட இது அதிகம். எதிர்த்து வாக்களித்த ஆறு பேரில் ஒருவர் அரிசோனாவின் பேரி கோல்ட்வாட்டர். அவர்தான் அடுத்த மாதமே கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆனார்.

கோல்ட்வாட்டரை இனவெறியர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது சரியாகாது. போலந்திலிருந்து வந்த யூத வணிகரின் பேரன் அவர். 1957, 1960-ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். தம் மாநிலத்து விமானப் படையில் கறுப்பர், வெள்ளையர் பிரிவினையை ஒழிக்கத் துணை நின்றவர். 1964 சட்டத்தில் தனியார் கடையையும் வேலையிடத்தையும் கட்டுப்படுத்தும் இரு பகுதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்பதே அவர் ஆட்சேபம். அவர் தம் கொள்கைக்கு உண்மையாகவே இருந்தார். என்னை அதிகம் உறுத்துவதும் அதுதான். ஒருவர் மனத்தில் வெறுப்பு இல்லாமலேயே, கொள்கைச் சுத்தத்துக்காக, இன்னொருவரின் குழந்தை உணவகத்துக்கு வெளியே நிற்கட்டும் என்று வாக்களிக்க முடிகிறது. அரசியல் சட்டத்தின் எந்த வரி மீறப்படுகிறது என்று அவர் பார்த்தார். வெளியே நிற்பவருக்கு அது எத்தனையாவது தலைமுறை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்த ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கட்சி மாநாட்டில் ஜாக்கி ராபின்சன் இருந்தார். 1947-இல் பேஸ்பால் பெரும் அணிகளின் இனத் தடையை உடைத்த முதல் கறுப்பின வீரர். 1960-இல் நிக்சனுக்காகப் பிரசாரம் செய்தவர். நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் ஆதரவாளராக மாநாட்டுக்கு வந்திருந்தார். தீவிரவாதப் போக்கைக் கண்டித்து ராக்ஃபெல்லர் பேச எழுந்தபோது அரங்கமே கூச்சலிட்டது; அவரைப் பேச விடவில்லை. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு யூதருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது தமக்கு இப்போது விளங்குவதாக ராபின்சன் பின்னர் கூறினார். ஆபிரகாம் லிங்கனின் கட்சி மாநாட்டில் ஒரு கறுப்பினக் கட்சிக்காரர் சொன்ன வார்த்தை இது.

நவம்பரில் கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். ஜான்சனுக்கு 486 தேர்வாளர் வாக்குகள், அவருக்கு 52. வென்ற மாநிலங்கள் ஆறே ஆறு. ஒன்று அவருடைய சொந்த அரிசோனா. மற்ற ஐந்தும் அடிமை முறை வேரூன்றியிருந்த ஆழ்தெற்கு: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா, தென் கரோலைனா. மிசிசிப்பியில் அவருக்கு 87 விழுக்காடு. அங்கே கறுப்பினத்தவரில் பெரும்பாலோருக்கு வாக்களிக்க வழியே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1960-இல் நிக்சனுக்குக் கறுப்பின வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிடைத்திருந்தது. கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது ஆறு விழுக்காடு அளவில்தான். அந்த வாக்குகள் அதன் பின் அந்தக் கட்சிக்குப் பழைய அளவில் திரும்பவே இல்லை.

1965 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் பக்லியும் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் மோதிக்கொண்டார்கள். அமெரிக்கக் கனவு கறுப்பினத்தவரை விலையாகக் கொடுத்து உருவானதா என்பது தலைப்பு. அந்த ஒளிநாடாவையும் எங்கள் விரிவுரையாளர் காட்டினார். பால்ட்வின் பேசி முடித்ததும் மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். அடுத்துப் பேசிய பக்லியின் அத்தனை சாமர்த்தியமும் வழுக்கி விழுகிறது. வாக்கு 544-க்கு 164. பல ஆண்டுகள் கழித்து, 2004-இல், பக்லி ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார்: அந்தக் கொடுமை தானாகவே காலப்போக்கில் மறையும் என்று நம்பியது தவறு, மத்திய அரசு தலையிட்டது தேவையாகவே இருந்தது என்று. நேர்மையான ஒப்புதல்தான். நாற்பது ஆண்டு தாமதம்.

நடிகர் வந்தார்

கோல்ட்வாட்டரின் தோல்வியோடு கதை முடிந்தது என்றே அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஆனால் தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, 1964 அக்டோபர் 27-ஆம் தேதி, அவருக்காக ஒருவர் தொலைக்காட்சியில் அரை மணி நேரம் பேசியிருந்தார். அவர் ரோனல்ட் ரீகன். ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர், ரூஸ்வெல்ட்டுக்கு நான்கு முறை வாக்களித்தவர், நடிகர் சங்கத் தலைவர். கோல்ட்வாட்டர் சொன்னதையேதான் இவரும் சொன்னார். ஆனால் கோல்ட்வாட்டர் சொன்னால் மிரட்டல் போல இருக்கும். ரீகன் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று பேசுவது போல இருக்கும். இரண்டே ஆண்டில் கலிபோர்னியா ஆளுநரானார். 1980-இல் 44 மாநிலங்களை வென்று அதிபரானார்.

இடைப்பட்ட காலத்தில் கூட்டணியில் ஒரு பெரும் படை சேர்ந்திருந்தது. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அதுவரை அரசியலிலிருந்து ஒதுங்கியிருந்த சுவிசேஷக் கிறிஸ்துவர்கள் மெல்ல மெல்லத் திரண்டார்கள். இதிலும் நாம் நினைப்பதுபோல நேர்கோடு இல்லை. தீர்ப்புக்கு முன்பு, 1971-இல், தென் பாப்டிஸ்ட் திருச்சபை மாநாடே சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. 1967-இல் கலிபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவரே ரீகன்தான். மணவிலக்குப் பெற்றவர் ஒருவர் அதிபரானதும் அவரிலிருந்துதான். அவரைத்தான் குடும்பப் பண்பின் காவலராக மத அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. கோல்ட்வாட்டரோ, மதபோதகர்கள் கட்சிக்குள் புகுந்ததைக் கடைசிவரை கண்டித்தார். 1990-களில் ஓரினச் சேர்க்கையாளர்கள் ராணுவத்தில் சேருவதையும் வெளிப்படையாக ஆதரித்தார்.

ரீகன் காலத்தில் மூன்று தரப்புக்கும் ஏதாவது கிடைத்தது. வருமான வரியின் உச்ச விகிதம் 70 விழுக்காட்டிலிருந்து 28-க்கு இறங்கியது. ராணுவத்துக்குப் பணம் கொட்டியது. மதவாதிகளுக்கு நல்ல பேச்சும் சில நீதிபதி நியமனங்களும் கிடைத்தன. சிறிய அரசாங்கம் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 1986-இல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணமில்லாத குடியேறிகள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சட்டபூர்வ வாசிகள் ஆனார்கள். இன்றைய குடியரசுக் கட்சி மேடையில் அந்தச் சட்டத்தைப் புகழ்ந்து பேசுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எதிரி மறைந்த பிறகு

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. கூட்டணியின் ஆணி கழன்றது அன்றுதான். மறு ஆண்டே பேட் புக்கானன் என்ற தொலைக்காட்சி விமர்சகர், பதவியிலிருந்த தம் கட்சி அதிபர் மூத்த புஷ்ஷை எதிர்த்து நின்றார். அவரும் என் தொழில்தான். இந்தக் கதையில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் அதிகம். தடையற்ற வர்த்தகம் வேண்டாம், குடியேறிகள் வேண்டாம், அயல்நாட்டுப் போர் வேண்டாம், அமெரிக்கா முதலில் என்றார் அவர். தோற்றார். ஆனால் 2003-இல் தொடங்கிய ஈராக் போர் இழுத்தடித்தபோதும், தொழிற்சாலைகள் மூடிய ஊர்களில் வருமானம் தேய்ந்தபோதும், அவர் பேச்சு பலருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

2016 ஜனவரியில் நேஷனல் ரிவியூ டிரம்புக்கு எதிராக ஒரு சிறப்பிதழே வெளியிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பழமைவாத எழுத்தாளர்கள், இவர் பழமைவாதியே அல்ல என்று எழுதினார்கள். பக்லி 2008-இல் இறந்துவிட்டார். அவர் பூட்டிய வாசல்களின் சாவி இப்போது இதழிடம் இல்லை. வாக்காளர்கள் அந்த இதழைக் கேட்டுவிட்டு வாக்களிக்கவில்லை. 2017 ஜனவரி 23-ஆம் தேதி, பதவியேற்ற சில நாள்களிலேயே, சிங்கப்பூரும் மலேசியாவும் உள்ளிட்ட 12 நாடுகளின் பசிபிக் வர்த்தக உடன்பாட்டிலிருந்து அமெரிக்காவை டிரம்ப் விலக்கினார். மற்ற 11 நாடுகளும் அமெரிக்கா இல்லாமலேயே 2018 மார்ச்சில் கையெழுத்திட்டன.

ஆனாலும் பழைய கூட்டாளிகளுக்குக் கொடுக்க வேண்டியதை அவர் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2017-இல் வரிக் குறைப்பு. உச்ச நீதிமன்றத்துக்கு மூன்று நீதிபதிகள். அவர்கள் துணையோடு 2022 ஜூனில் 1973-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புத் தீர்ப்பு ரத்தானது. ரீகனால் முடியாதது இவரால் நடந்தது. மதவாதிகள் ஏன் இவரை விடவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். வரி போடுவது குடியரசுக் கட்சிக்குப் புதிது அல்ல ஐயா. அதுதான் அந்தக் கட்சியின் பழைய வழக்கம். 1890-இல் இறக்குமதி வரியைச் சராசரியாக ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு உயர்த்திய சட்டத்துக்கு வில்லியம் மெக்கின்லியின் பெயர். அவர் பிறகு அதிபரானார். 1930-இல் உலக வர்த்தகத்தையே முடக்க உதவிய வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஹூவர். அவரும் அதே கட்சி. 2003-இல் நம்மோடு கையெழுத்திட்ட புஷ் நினைவில் வைத்திருந்த பழமை ரீகனுடையது. டிரம்ப் எடுத்துக்கொண்டது மெக்கின்லியுடையது. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. 2025 ஜனவரி 20-ஆம் தேதி, இரண்டாம் முறை பதவியேற்ற அன்றே, வட அமெரிக்காவின் மிக உயரமான சிகரத்துக்கு மீண்டும் மெக்கின்லியின் பெயரை வைக்க அவர் ஆணையிட்டார். மன்னரும் திருச்சபையும் இல்லாத நாட்டில், எந்தப் பழமையை வேண்டுமானாலும் ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. 1957-இல் பக்லி எடுத்தது ஒன்று. ராபின்சன் தேடி வந்தது லிங்கனுடையது. அது அந்த மாநாட்டில் கிடைக்கவில்லை.

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒரு காட்சியைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி மில்வாக்கி நகரில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் முதல் தொலைக்காட்சி விவாதம் நடந்தது. மேடையில் எட்டுப் பேர். அவர்களில் இருவர் இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள். ஒருவர் நிக்கி ஹேலி, பஞ்சாபி சீக்கியக் குடும்பம். தென் கரோலைனாவின் ஆளுநராக இருந்தபோது, 2015-இல், அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை மாநிலச் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறக்கியவர். கோல்ட்வாட்டர் வென்ற அதே தென் கரோலைனா. இன்னொருவர் விவேக் ராமசாமி, பாலக்காட்டு வேர் கொண்ட, தமிழ் பேசும் குடும்பம். உக்ரேனுக்கு உதவுவதா இல்லையா என்று இருவரும் அனல் பறக்க மோதிக்கொண்டார்கள். ஹேலி பேசியது ரீகனின் குரல். ராமசாமி பேசியது புக்கானனின் குரல். வெளிநாட்டு விவகாரத்தில் உமக்கு அனுபவமே இல்லை என்று ஹேலி சாட, அரங்கம் ஆரவாரம் செய்தது.

டிரம்ப் அன்று விவாதத்துக்கு வரவே இல்லை. நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானாலும் கட்சி வேட்பாளரானால் அவரை ஆதரிப்பீர்களா, கையை உயர்த்துங்கள் என்று தொகுப்பாளர் கேட்டார். எட்டில் ஆறு கைகள் உயர்ந்தன. ராமசாமியின் கை முதலில். ஹேலியின் கையும் அதில் ஒன்று. 2024 மார்ச்சில் அவர் போட்டியிலிருந்து விலகினார். மே மாதம், என் வாக்கு டிரம்புக்குத்தான் என்று அறிவித்தார்.